பொத்தானை விடுங்க அண்ணி

மைக் அண்ணி என்று அவளுக்குப் பட்டம் சூட்டியது நாத்தனார்தான். ரயில் நிலையத்தில் அறிவிப்பு செய்கிறவளுக்கு வேறென்ன பட்டம் கிடைக்கும்? அவள் குரல் கேட்டால் தூங்கி வழிகிறவன்கூட மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடுவான். ஆனால் ஓடுகிறவன் பதிலுக்கு ஒரு வார்த்தை சொன்னதுண்டா? கிடையாது. அந்தக் குறைதான், முகம் தெரியாதவர்களோடு வானலையில் பேசிக்கொள்ளும் அமெச்சூர் ரேடியோ பக்கம் அவளைத் தள்ளியது. படித்தாள், தேர்வு எழுதி உரிமம் வாங்கினாள், மொட்டைமாடியில் துணிக்கொடியை அவிழ்த்துவிட்டு அங்கே ஆன்டெனாக் கம்பியைக் கட்டினாள்.

அதில்தான் வந்தது வம்பு. வீட்டில் துணி துவைப்பது நாத்தனார். ஈரத்துணி நாற்காலி நாற்காலியாகத் தொங்கியது.

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வரைக்கும் பாப்பேன் அண்ணி. ஒரு ஆளாவது உங்ககூடப் பேசலன்னா கம்பிய அவுத்துடணும்."

"அவுத்துடறேன் போ!" என்று ரோஷத்தில் வாக்குக் கொடுத்துவிட்டாள்.

ஞாயிறு வந்தது. காலையிலிருந்து அண்ணி மைக்கிலிருந்த பொத்தானை அமுக்கி "சி க்யூ, சி க்யூ, சி க்யூ" என்று தொண்டை வறளக் கூப்பிட்டாள். யாராக இருந்தாலும் பேச வாருங்கள் என்று ஊருலகத்துக்கே விடுக்கும் பொது அழைப்பு அது. கூடவே, உரிமத்தோடு பெயருக்குப் பதிலாகக் கிடைத்த எழுத்தும் எண்ணுமான தன் அழைப்புக்குறியையும் கணீரென்று சொன்னாள். ஈ, காக்கைகூடப் பதில் பேசவில்லை. கருவியில் கோளாறோ என்று பார்த்தாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அவளுக்கு அழுகை முட்டியது. இவ்வளவு பெரிய உலகத்தில் ஒருவருக்குக்கூட என்னோடு பேச வேண்டாமா?

சாயங்காலம் நாத்தனார் ஈரத்துணி வாளியோடு வந்து வாசற்படியில் நின்றாள். ஒரு கம்பெனியில் நாள் முழுக்கப் போனை மாட்டிக்கொண்டு வாடிக்கையாளர் புலம்பலைக் கேட்பது அவள் பிழைப்பு. நின்றபடியே கொஞ்ச நேரம் கேட்டாள்.

"அண்ணி, அந்தப் பொத்தான அமுக்கிட்டு இருக்கறப்ப அந்தப் பக்கம் பேசறது கேக்குமா?"

"கேக்காது. விட்டாத்தான் கேக்கும்."

"நீங்க எங்க விட்டீங்க?"

அண்ணி தன் கட்டைவிரலைப் பார்த்தாள். வேலையில் அறிவிப்பை அடுத்தடுத்துச் சொல்லி முடித்தால் சரி, யார் பதிலுக்கும் காத்திருப்பதில்லை. இங்கேயும் அதே கதைதான். விட்ட விரல் அடுத்த நொடியே மறுபடி அமுக்கியிருக்கிறது.

"இப்பக் கூப்பிடுங்க. முடிச்சதும் கைய என்கிட்ட குடுத்துடுங்க."

அண்ணி கூப்பிட்டாள். முடித்ததும் நாத்தனார் அந்தக் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். ஒலிபெருக்கியில் வெறும் இரைச்சல். அண்ணிக்குக் கை பரபரத்தது.

"விடுடி, இன்னொரு தடவ..."

"உஸ்!"

இரைச்சலுக்குள்ளிருந்து ஓர் ஆண் குரல் அவளுடைய அழைப்புக்குறியை ஓர் எழுத்துப் பிசகாமல் சொன்னது.

"அப்பாடா! காலையில இருந்து உங்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டையே கட்டிப்போச்சும்மா. நீங்க மூச்சே விட மாட்டீங்களா?"

நாத்தனார் வாளியைக் கீழே போட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். ஊரையே ஓட வைக்கும் அண்ணியோ கண்ணில் தண்ணீர் கொட்ட, பொத்தானை அமுக்கினாள்.

"நீங்க பேசறது... நல்லாக் கேக்குதுங்க. ரொம்ப நல்லாக் கேக்குது. சொல்லுங்க, இனி உங்க முறை."

சொல்லிவிட்டு, யாரும் பிடிக்காமலே, கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.