இறந்தகாலத்தில் வாசிக்கவும்

“‘இனிதே’ங்கற இடத்துல சிரிப்பு பத்தல மேடம். வேலை முடிஞ்ச சந்தோஷம் குரல்ல வரணும்,” என்றார் நகராட்சிச் செய்தி அலுவலர், கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு. எந்த வேலை முடிந்தது என்று அவருக்கே தெரியாது. ஆனால் சந்தோஷத்தில் குறை வைக்கக் கூடாது என்பது தெரியும். அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி வாசித்தாள். “நூலகத்துக்குப் பின்புறம் அமைந்துள்ள மூத்தோர் மன்றக் கட்டடத்துக்கு இளம்பச்சை வண்ணம் பூசும் பணி இனிதே நிறைவுற்றது.” இந்த முறை சிரிப்பு வந்துவிட்டது. அலுவலர் தானே பூசி முடித்தவர்போலக் கைகளைத் துடைத்துக்கொண்டார்.

அது முன்பு பழைய கோப்புகளைப் போட்டு வைத்திருந்த அறை. எதிரொலி வராமலிருக்கச் சுவர் முழுக்கப் போர்வைகளை ஆணியடித்து மாட்டி, ஒரு மைக்கை வைத்து, ‘நகரின் குரல் ஒலிப்பதிவு மையம்’ என்று வாசலில் பலகை தொங்கவிட்டிருந்தார்கள். பலகைக்கு ஆன செலவில் மின்விசிறி ஒன்று வாங்கியிருக்கலாம். வாரத்துக்கு ஒருமுறை அவள் வந்து, குப்பை வண்டி எந்தத் தெருவுக்கு எப்போது வரும், எந்தப் பூங்காவில் என்ன பயிற்சி வகுப்பு, எந்தப் பாலத்தில் ஒருவழிப் பாதை என்றெல்லாம் வாசித்துவிட்டுப் போவாள். தெருமுனைக் கம்பங்களில் கட்டியிருந்த குழாய் ஒலிபெருக்கிகள் காலையிலும் மாலையிலும் அதை ஊருக்குச் சொல்லும். தெருப் பிள்ளைகள் அவளுக்குக் குழாயக்கா என்று பேர் வைத்திருந்தார்கள். “தண்ணி வராத குழாயிலகூட இந்தம்மா வந்துடுவாங்க,” என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதில் பொய்யில்லை.

செய்தி அலுவலருக்கு அலுவலகத்தில் அடைமொழியார் என்று பேர். அடைமொழி சேர்க்காமல் ஆணையரைப் பற்றி அவர் மூச்சுகூட விடமாட்டார். ஒருமுறை ஆணையர் தும்மிக்கொண்டே கூட்டத்துக்கு வந்தபோது, “அவர்களின் சீரிய ஜலதோஷத்துக்கிடையிலும்” என்று எழுதிக் கொடுத்து, அவளும் அதை வாசித்திருக்கிறாள். அவருடைய இன்னொரு பிடிவாதம் வினைச்சொல். பதிவு முன்கூட்டியே நடப்பதால், ஒலிபரப்பாகும்போது வேலை முடிந்திருக்கும் என்ற கணக்கில், எல்லாவற்றையும் நடந்து முடிந்ததாகவே எழுதும் வழக்கம் அவருக்கு முன்பே அங்கே இருந்தது. அவர் வந்து அதைக் கொள்கையாக்கினார். “நகராட்சிக்கு எதிர்காலமே கிடையாது மேடம்,” என்பார், அதன் இன்னொரு அர்த்தம் மண்டையில் உறைக்காமலே. “‘நடக்கும்’னு சொன்னா எப்பன்னு கேப்பான். ‘நடந்தது’ன்னு சொன்னா, நாமதான் கவனிக்கல போலன்னு போயிடுவான்.” கொடுக்கும் தாளின் மேல் மூலையில் சிவப்பு மையில் எழுதியிருப்பார்: இறந்தகாலத்தில் வாசிக்கவும்.

அன்று மாலை வீட்டுக்குப் போனபோது அம்மா அப்போதுதான் வெளியிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். முழங்கைக்குக் கீழே ஒரு விரலகலத்துக்கு இளம்பச்சையாக ஈரம் மினுங்கியது.

“என்னம்மா இது?”

“பெயிண்டுடீ. இன்னும் காயல. சாயாதீங்கன்னு ஒரு அட்டை எழுதி வெச்சா குறைஞ்சா போயிடுவாங்க உங்க ஆளுங்க?”

“எங்க போயிருந்த?”

“நீதானே மன்றம் மன்றம்னு கத்தின காலைல. எப்படியிருக்குன்னு பாத்துட்டு வந்தேன். ஜன்னல் சின்னது. மத்தபடி குத்தம் சொல்றதுக்கில்ல.”

காலையில் ஒலித்தது போன வாரப் பதிவு. அதில் மன்றத்தின் கூரை வேலைதான் நிறைவுற்றிருந்தது; வண்ணம் பூசிய செய்தி இன்னும் குழாயில் வரவேயில்லை. அம்மாவிடம் வாய் கொடுத்து மீள முடியாது என்பதால் அவள் மண்ணெண்ணெயும் துணியுமாக உட்கார்ந்து கையைத் துடைத்துவிட்டாள். யார் வீட்டுக் கேட்டிலாவது உரசியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் அந்தத் தெருவில் யாரும் வீட்டுக்கு வெள்ளையடித்தே வருடக் கணக்காகிறது.

அம்மாவுக்கு மறதியெல்லாம் கிடையாது. மறந்து தொலைத்தால் தேவலை என்று மகளே பலமுறை நினைத்ததுண்டு. தன் கல்யாணத்தில் எந்தச் சித்தப்பா எந்த நாற்காலியில் உட்கார்ந்து எதற்காக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார் என்பதுவரை நினைவிருக்கும். அப்பா இறந்துபோன பிறகு அவளுக்குப் பேச ஆளில்லாமல் போனது ஒன்றுதான் குறை. மகள் ஊருக்கெல்லாம் பேசிவிட்டு வீட்டுக்கு வந்தால் வாய் திறக்கமாட்டாள். “ஊருக்கு ஒலிபெருக்கி, எனக்கு ஊமை,” என்று அம்மா சுவரைப் பார்த்துச் சொல்லுவாள். அதனால் மாலையானால் தலைவாரி, கைப்பையை மாட்டிக்கொண்டு அவள் கிளம்பிப்போவது மகளுக்கு ஒருவகையில் நிம்மதியாகத்தான் இருந்தது. பூங்காவில் உட்கார்ந்துவிட்டு வருகிறாள், போகட்டும்.

மன்றம் திறக்கப்பட்டது, ஆணையர் சீரிய முறையில் நாடாவை வெட்டினார், மூத்தோர் திரளாகப் பங்கேற்றுப் பயனடைந்தனர், அனுமதி முற்றிலும் இலவசம். இதையெல்லாம் அவள் வாசித்து, அது குழாயில் வந்த அன்று, அம்மா ராத்திரிச் சாப்பாடு வேண்டாமென்றாள். அங்கேயே டீயும் பிஸ்கட்டும் கொடுத்தார்களாம். பக்கத்து நாற்காலியில் டெய்லர் உட்கார்ந்து பழைய கதையெல்லாம் பேசினாராம்.

“எந்த டெய்லர்?”

“முனைக்கடை டெய்லர்தான். உன் பள்ளிக்கூடச் சட்டையெல்லாம் யார் தெச்சது?”

மகள் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். “அம்மா, அவர் போன மழைக்கே போயிட்டாரேம்மா. நீயும் நானும்தானே போய்ப் பாத்துட்டு வந்தோம்.”

அம்மா அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள், அசட்டுக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறதே என்பதுபோல. “போனவங்க வரக்கூடாதுன்னு எங்க சொன்ன நீ? அனுமதி இலவசம்னுதானே சொன்ன?”

பிறகு மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: “உங்கப்பா இன்னும் வரல. அவரு என்னிக்கு எங்க நேரத்துக்கு வந்தாரு?”

மறுநாள் மத்தியானம் மகள் நூலகத்துக்குப் பின்னால் போனாள். அவர்கள் தெரு முடியும் இடம்தான் அது. தினம் கடந்து போகிற இடம் என்பதாலேயே திரும்பிப் பார்த்திருக்கவில்லை. தகரம் அடைத்த காலி மனை. முகப்பில் மன்றத்தின் படம் வரைந்த பெரிய பலகை. படத்தில் மரங்கள் பூத்திருந்தன, முதியவர்கள் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்கள், மேலே அவர்களைவிடப் பெரிதாக ஆணையர். தகரக் கதவைத் தள்ளினாள். உள்ளே இடுப்புயரப் புல். நடுவில் ஒரு செங்கல் குவியல். அதன்மேல் தூங்கிக்கொண்டிருந்த நாய், எழுந்து போவதா வேண்டாமா என்று யோசித்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது. அவ்வளவுதான். சிரிப்புகூட வந்தது. பிறகு காலுக்குக் கீழே பார்த்தாள். கதவிலிருந்து உள்ளே ஓர் ஒற்றையடிப் பாதை போயிற்று. பலபேர் பலநாள் நடந்தால் மட்டுமே புல் அப்படிப் படியும். மனையின் நடுவில் நாற்காலிக் கால்கள் அழுந்திய சின்னச் சின்னப் பள்ளங்கள், வரிசை வரிசையாக. காற்றேயில்லாத வெயிலில் புது பெயிண்ட் வாசனை அடித்தது.

அடுத்த பதிவுக்குப் போனபோது தாளில் முதல் செய்தியே மன்றத்தைப் பற்றியதுதான். அவள் நின்றபடியே படித்தாள். ‘மன்றத்துக்குத் தொடர்ந்து வருகை தந்த மூத்தோர் அனைவரும் நிரந்தர உறுப்பினர்களாகச் சேர்த்துக்கொள்ளப்பட்டனர்.’

அம்மா இதை முந்தின நாளே சொல்லியிருந்தாள். “நிரந்தரம்னா இனி போக வர அலைய வேண்டாமாம். அங்கேயே இருந்துக்கலாமாம். குடும்பத்துல முன்னாடி போனவங்க பக்கத்துலயே நாற்காலியாம். அப்பறம் அவரு எப்படி வராம இருக்காருன்னு பாக்கறேன்.” சொல்லிவிட்டுப் பீரோவில் தன் துணிகளையெல்லாம் மடித்து அடுக்கினாள். எதையும் எடுத்துப் போவதற்கல்ல. மகள் பிறகு தேடி அலையக் கூடாது என்பதற்காக. வெகுநாளைக்குப் பிறகு அவள் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. அதைப் பார்த்துத்தான் மகளுக்குப் பயம் வந்தது.

“சார், இந்த வரிய எழுதச் சொன்னது யாரு?”

“மன்றத்துலேர்ந்து போன் வந்துச்சு. உறுப்பினர்லாம் கேக்கறாங்களாம்.” அடைமொழியார் பேனாவால் காதைக் குடைந்தார். “பெரியவர் ஒருத்தர்தான் பேசினாரு. லைன் சரியில்ல, ரொம்ப தூரத்துலேர்ந்து பேசற மாதிரி இருந்துச்சு. ஆனா என்ன மரியாதை, என்ன பாராட்டு! இத்தன வருஷ சர்வீஸ்ல இந்த ஆபீஸப் பாராட்டிப் போன் வந்து நான் பாத்ததில்ல.”

“சார், மன்றமே கட்டலையே. நான் போய்ப் பாத்தேன். வெறும் புல்லு.”

“கட்டலைன்னு யார் சொன்னா?” அவருக்கு நிஜமாகவே மனம் புண்பட்டிருந்தது. “நாம சொன்னமா? கட்டி முடிச்சாச்சுன்னுதானே சொன்னோம்? நீங்கதானே சொன்னீங்க, உங்க வாயால?”

“இத நான் வாசிக்க முடியாது.”

“பரவாயில்ல மேடம், உடம்பு முடியலைன்னா ரெஸ்ட் எடுங்க. டைப்பிஸ்டு வாசிக்கட்டும். அவருக்கு மூக்கு அடைச்சிருக்கு, ஆனா ‘பட்டனர்’ல்லாம் நல்லா வரும்.”

அவள் போர்வை அறைக்குள் போய் உட்கார்ந்தாள். அவள் வாசிக்காவிட்டாலும் அது வாசிக்கப்படும். அச்சடித்த மாதிரி, மூக்கடைப்போடு, ஒவ்வொரு கம்பத்திலிருந்தும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பதிவு செய்யும் மைக்செட்காரர் ஹெட்போனை மாட்டிக்கொண்டார். அந்த நேரம் பார்த்து அலுவலரின் செல்போனில் ஆணையரின் அழைப்பு வந்தது. அடைமொழியார் எழுந்து நின்று, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, போனுக்கு முன்னால் குனிந்தபடி வராந்தாவுக்கு நகர்ந்தார்.

அவள் வாசிக்கத் தொடங்கினாள். “மன்றத்துக்குத் தொடர்ந்து வருகை தந்த மூத்தோர் அனைவரும்...” நாக்கு அதுவாகவே ‘பட்ட’ என்று மடங்கப் பார்த்தது. இத்தனை வருடப் பழக்கம். பல்லைக் கடித்து அதைத் திருப்பினாள். “நிரந்தர உறுப்பினர்களாகச் சேர்த்துக்கொள்ளப்படுவார்கள்.”

மைக்செட்காரர் ஹெட்போனை ஒரு காதிலிருந்து விலக்கினார். “அக்கா, ‘வார்கள்’னு முடிச்சிட்டீங்க.”

“தெரியும்.”

“எப்பன்னு கேப்பாங்களேக்கா.”

“கேக்கட்டும். அப்படியே விட்டுடுங்க தம்பி. உங்களுக்கும் அம்மா இருக்காங்கல்ல?”

அவர் வராந்தாப் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு பொத்தானை அமுக்கி, அடுத்த செய்திக்குக் கை காட்டினார். அடுத்தது குப்பை வண்டி.

அது முதல்முறை ஒலிபரப்பான மாலை, அவள் வெளியே போன இடத்திலிருந்து ஓட்டமும் நடையுமாகத்தான் வந்தாள். அம்மா கேட்டருகே நின்றிருந்தாள். புதுச் செருப்பு, கைப்பை, பவுடர். வீட்டுச் சாவியைக் கழற்றி உள்ளே ஆணியில் மாட்டியிருந்தாள். குழாய் கரகரத்தது. மகளுடைய குரல், சிரிப்போடு, தெருமுனையில் தொடங்கியது. அதையே அடுத்த தெருக் கம்பம் ஒரு நொடி பிந்திச் சொன்னது. அதற்கடுத்தது இன்னும் பிந்தி. அம்மா கேட்டுக்கு வெளியே ஒரு காலை எடுத்து வைத்தாள்.

“...சேர்த்துக்கொள்ளப்படுவார்கள்,” என்றது குழாய். வார்கள், என்றது அடுத்த தெரு. வார்கள், என்றது ஊரின் கடைசி.

அம்மாவின் கால் அப்படியே நின்றது. வெளியே வைத்ததை உள்ளே இழுக்கவும் இல்லை, உள்ளே இருந்ததை வெளியே எடுக்கவும் இல்லை. மகள் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கை சூடாக இருந்தது. அது போதும் என்று நினைத்தாள்.

“எப்பவாம்?” என்று அம்மா கேட்டாள். மகளிடம் அல்ல, கம்பத்திடம்.

“உள்ள வாம்மா. டீ போடறேன்.”

“எல்லாம் முடிச்சிட்டு வந்து நிக்கறேன்டீ. இப்ப உள்ளயும் போக முடியாது, அங்கயும் போக முடியாது. இப்படி நடுவுல விட்டுட்டியே.” குரலில் கோபமில்லை. பேருந்தைத் தவறவிட்டவளின் அலுப்புதான் இருந்தது.

அப்போதுதான் மகள் தலையைத் திருப்பிப் பார்த்தாள். தெருவின் இரு பக்கமும், கேட்டுக்குக் கேட்டு, கிழவர்களும் கிழவிகளும் நின்றிருந்தார்கள். எல்லோரும் தலைவாரி, நல்ல துணி உடுத்தி, ஒரு கால் வெளியே, ஒரு கால் உள்ளே. பக்கத்து வீட்டுக்காரர் தன் அப்பாவின் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார், கிழவர் அசைவதாயில்லை. எல்லா முகங்களும் குழாயை நோக்கி உயர்ந்திருந்தன.

“நீயே போய் எப்பன்னு கேட்டுட்டு வந்துடேன்,” என்றாள் அம்மா. “நீ சொன்னதுதானே. உன்னை உள்ள விடுவாங்க.”

தெருக்கோடியில் தகரக் கதவு திறந்திருந்தது. அது காற்றில் சாத்திக்கொள்ளப் பார்த்தது. உள்ளேயிருந்து ஒரு கை, அவசரமே இல்லாமல், அதைப் பிடித்துத் திறந்தே வைத்திருந்தது.