முதல் கூழ்

வாக்கப்பட்டு ஏலத்தோட்டத்துக்கு வந்து எட்டு மாதமாகியும் வீரலட்சுமி போடிப் பக்கத்து ராசிங்காபுரத்துத் தாய்வீட்டுக்கு ஒருமுறைகூட இறங்கவில்லை. "தோட்டத்துக் காவலுக்கு ஒரு நாய் வரட்டும், கொண்டுபோய் விடுறேன்" என்று கணவன் சீனிச்சாமி சொல்லியிருந்தான்.

அந்த நாளும் வந்தது. பக்கத்துத் தோட்டத்தில் ஈன்றிருந்த கோம்பை நாயின் குட்டிகளில் துணிந்தது எது என்று பார்க்க அவற்றைக் கூடையால் மூடி வைத்தார்கள். முதலில் முட்டித் தள்ளிக்கொண்டு வெளியே வந்த கருமூஞ்சிக் குட்டியை அவளே வாரி எடுத்தாள். தன்னை விடுவிக்க வந்த குட்டி என்று வழியெல்லாம் அதைக் கொஞ்சினாள்.

வீட்டில் அவள் கேப்பைக் கூழைக் கையால் கரைத்தபோது சீனிச்சாமி சொன்னான்: "மொதக் கூழு வச்ச கைதான் ஆறு மாசத்துக்கும் வைக்கணும். கை மாறுனா நாய் காவலுக்கு ஆகாது."

அவள் கரைப்பதை நிறுத்தினாள். "இத முன்னாடியே சொல்றதுக்கென்ன? அப்ப நீங்களே வைங்க. வச்ச கை இங்க கெடக்கட்டும். நான் எங்காத்தாளப் பாத்துட்டு வர்றேன்."

"அடி கெட்டிக்காரி!" என்று சிரித்தபடி அவன் சட்டிக்குக் கை நீட்டினான். அதற்குள் பசி பொறுக்காத குட்டி அவள் மடியில் ஏறி, கூழ் ஒட்டிய விரல்களை நக்கத் தொடங்கிவிட்டது.

சீனிச்சாமி நீட்டிய கையைத் திரும்ப எடுத்துக்கொண்டான். கீழே மலைப்பாதையில் போடிக்கு ஒரு பஸ் இறங்கும் சத்தம் கேட்டது. வீரலட்சுமி கண்ணைத் துடைக்க மற்றக் கையைத்தான் எடுத்தாள். குட்டியிடமிருந்த கையை இழுத்துக்கொள்ளவில்லை.