எங்கிருந்து தொடங்கினாலும் 6174

வாசல் கதவுக்கு எண் பூட்டு மாட்டியபோது கணக்கு டீச்சர் வைத்த எண் 6174. நான்கு இலக்க எண் ஏதாவது ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் இலக்கங்களை இறங்குவரிசையில் ஒரு முறையும் ஏறுவரிசையில் ஒரு முறையும் எழுதி, பெரியதிலிருந்து சிறியதைக் கழியுங்கள். வந்த விடையையும் அப்படியே செய்துகொண்டு போனால், சுற்றி வளைத்து 6174க்கு வந்து சேரும். அப்புறம் எத்தனை முறை கழித்தாலும் அங்கேயே சட்டமாக உட்கார்ந்துகொள்ளும்.

டீச்சரின் கணவருக்கு மூளையில் ரத்தம் கட்டியதிலிருந்து புதிதாக எந்த எண்ணும் மனதில் தங்குவதில்லை. ஆனால் அவர் ஆயுசு முழுக்க வீடு வீடாக மின்சார மீட்டர் பார்த்தவர். இந்த மாதத்திலிருந்து போன மாதத்தைக் கழித்துக் கழித்து, கழித்தல் கையிலேயே ஊறிப்போயிருந்தது. அதனால் டீச்சர் எண்ணைச் சொல்லித்தரவில்லை, வழியைப் பழக்கினாள். கதவருகே ஒரு சிலேட்டும் சாக்பீஸும் தொங்கின.

"திருடனும் கணக்குப் போட்டு உள்ள வந்துட்டா?" என்றாள் மகள்.

"வரட்டும். அவ்வளவு பொறுமையா கணக்குப் போடறவனுக்கு ஒரு காபி போட்டுக் குடுக்கறேன்."

மகளுக்குச் சிரிப்பு வரவில்லை. இன்று அப்பா தானாகக் கதவைத் திறக்காவிட்டால் முதியோர் இல்லம்தான் என்று கறாராகச் சொல்லிவிட்டாள். அம்மா வாயே திறக்கக் கூடாது என்று உத்தரவு வேறு. அந்த மனிதர் இல்லாத வீட்டில் அவள் யாரோடு சண்டை போடுவாள்?

இருவரும் வாசலில் நிற்க, மீட்டர்காரர் நடை முடித்து வந்தார். சாக்பீஸை எடுத்தார். ஏதாவது ஓர் எண் வேண்டுமே என்று சுற்றுமுற்றும் பார்த்தார். மகள் ஆசை ஆசையாக எண் கேட்டு வாங்கிய கார் எதிரே நின்றது. 2222.

டீச்சர் நாக்கைக் கடித்துக்கொண்டாள். நான்கும் ஒரே இலக்கமாக இருந்தால் மட்டும் இந்த வித்தை பலிக்காது. அதைச் சொல்ல மறந்தே போயிருந்தாள், ஊருக்கெல்லாம் கணக்கு சொல்லித்தருகிற மகராசி!

எப்படி எழுதினாலும் 2222. விடை சைபர். மகள் பெருமூச்சு விட்டுக் கைப்பையிலிருந்து போனை எடுத்தாள்.

மீட்டர்காரர் அசரவில்லை. "மீட்டர் ஓடவே இல்ல. பூட்டின வீடு போலிருக்கு. அடுத்த வீட்டப் பாப்போம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, சிலேட்டைத் துடைத்துவிட்டு எழுதினார்: 1987.

மகள் பிறந்த வருடம். அவள் கை போனோடு அப்படியே நின்றது.

9871இலிருந்து 1789 போனது, 8082. பிறகு 8820இலிருந்து 288 போனது, 8532. அடுத்த கழித்தலில் 6174. இன்னொரு தடவை கழித்து, அது நகரவில்லை என்று உறுதி செய்துகொண்டுதான் பொத்தான்களை அழுத்தினார். உள்ளே போனதும் கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

"இல்லத்துக்குப் போன் பண்ணி வேணாம்னு சொல்லிடறேம்மா" என்றாள் மகள்.

"சொல்லு. உள்ள வரணும்னா நீயும் கணக்குப் போடு."

மகள் சாக்பீஸை எடுத்துக்கொண்டாள். சிலேட்டைத் துடைத்தாள். பிறகு திரும்பாமலே கேட்டாள்:

"அம்மா... அப்பா எந்த வருஷம் பொறந்தார்?"