பாதி வெட்டிய கிடா

கொல்லையில் அரிவாளை ஓங்கிய வெற்றிவேலின் மணிக்கட்டை சிவசங்கரி இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினாள். தூணில் கட்டியிருந்த செம்மறிக் கிடா மிரண்டு கயிற்றை இழுத்தது.

“உடுங்க அண்ணி! அண்ணன கொன்ன கிடா இது. பாடைய தூக்கறதுக்கு முன்னாடி இத வெட்டிப் போட்டாத்தான் என் மனசு ஆறும்!”

“வெட்டிக்கோ, யாரு வேணான்னது? பாதி முடியோட நிக்குது பாரு. உங்கண்ணன் தொட்ட வேலைய பாதியில உட்டதே இல்ல. முடிச்சிட்டுத் தரேன், வெட்டு.”

“இப்பப் போயி அதெல்லாம் தேவையா?” என்று பதறினான். பதறத்தானே செய்வான்! ஏனென்று அவளுக்கு அப்போது தெரியாது.

முந்தின நாள் காலையில் இதே கொல்லையில்தான் அவள் புருஷன் சாமிக்கண்ணு, தம்பியின் கிடா வெயிலில் வேகுதே என்று இரக்கப்பட்டு ரோமம் வெட்டக் கத்தரியை எடுத்தார். வலப்பக்கம் முடித்துத் திருப்பினார். இடது விலாவில் கத்தரி பட்டதுதான் தாமதம், கிடா திமிறி எழுந்து பின்னால் போய்ப் பாய்ந்து வந்து நெஞ்சில் முட்டியது. ஒரே முட்டு. தட்டாஞ்சாவடி சுற்றுவட்டாரத்தில் அவர் கைபடாத ஆடு கிடையாது, பாவி மனுஷன் இப்போது வாசல் பந்தலில் பிரீசர் பெட்டிக்குள் கிடந்தார்.

சிவசங்கரி கிடாவின் முன்காலைத் தூக்கிப் பிட்டத்தில் உட்காரவைத்து, முதுகைத் தன் முழங்கால்களுக்கு நடுவே இறுக்கினாள். கால் தரையில் ஊன்றாவிட்டால் எப்பேர்ப்பட்ட கிடாவும் அடங்கும். இடது கையால் தோலை விறைப்பாக இழுத்துப் பிடித்து, கத்தரியைப் படுக்கப்போட்டு வெட்டினாள். எல்லாம் அவர் பழக்கிய கை. கிடாவின் தொண்டைக்கு வந்தபோது, ஒரே குத்தாகக் குத்திவிடலாமா என்று கத்தரி நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு விலாவுக்கு இறங்கினாள்.

ரோமம் விலகியது. அடியில் வரிசையாக ஆணிக் குத்துகள், சீழ் கட்டி நாறின.

“என்னாடா இது?”

வெற்றிவேலின் கையிலிருந்து அரிவாள் விழுந்தது. “முட்டுப் பந்தயத்துக்கு அண்ணி... ரோசம் வரட்டும்னு குச்சியில ஆணி அடிச்சிக் குத்துனேன்... முடிக்குள்ள தெரியாதுன்னு நெனச்சேன். நான் ஊட்ல இல்லாத நேரத்துல அண்ணன் கத்தரி எடுப்பாருன்னு...”

“ஒரு வார்த்த சொல்லியிருந்தா அந்தப் பக்கம் கைய வச்சிருக்க மாட்டாரேடா!”

கிடாவைத் தள்ளிவிட்டுப் பாய்ந்தாள். அவன் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்துக் கீழே இழுத்து, முதுகை முழங்கால்களுக்கு நடுவே நெரித்து, கத்தரியைத் தொண்டையில் வைத்தாள்.

“ஐயோ சங்கரி, கொன்னுடாத!” நாத்தனார் கன்னியம்மாள் தலையில் அடித்துக்கொண்டு ஓடிவந்தாள். “அவன உட்டா கொள்ளி வைக்க வேற யாரு இருக்கா?”

“கொள்ளி வைக்கறவனுக்குத் தல மழிக்கணும்ல? நானே மழிக்கறேன்!”

கத்தரி மேலேறியது. அவன் முடி கிடாவின் ரோமத்தின் மேலேயே விழுந்தது. ரத்தம் பார்க்க வேண்டும் என்றுதான் வெட்டினாள், ஒரு இடத்திலாவது கிழியட்டும் என்று வெட்டினாள். பாழாய்ப்போன இடது கையோ கத்தரிக்கு முன்னால் போய்ப் போய்த் தோலை இழுத்துப் பிடித்தது. அவன் தலையில் ஒரு கீறல் விழவில்லை. திமிறக்கூடச் செய்யாமல் கிடந்து அழுதான்.

வாய்க்கரிசி போடக் கூப்பிட்டார்கள். சிவசங்கரி ஒரு பிடி அரிசி அள்ளிப் புருஷன் வாயருகே கையை விரித்தாள். ரோமத்தின் பிசுக்கில் பாதி அரிசி விரல்களிலேயே ஒட்டிக்கொண்டது.

“கையக் கழுவிட்டு வா சங்கரி.”

அவள் கழுவவில்லை. கட்டைவிரலால் ஒவ்வொரு மணியாகத் தள்ளிப் போட்டாள்.