முங்குபெட்டி

ஞாயிற்றுக்கிழமை காலையில், கார்கள் வருவதற்கு முன்பு, நல்லதம்பி முங்குபெட்டியின் கண்ணாடியைச் சுற்றி விரலை ஓட்டிப் பார்த்தான். லாரி ட்யூபை வெட்டி ஓரத்தில் கொடுத்திருந்த ரப்பர் ஓரிடத்தில் பிதுங்கியிருந்தது. போன வாரமும் இவ்வளவுதான் பிதுங்கியிருந்ததா, இப்போது கூடியிருக்கிறதா என்று அவனால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. அழுத்தினால் உள்ளே போனது.

ரெட்டிபாளையத்துக்கு அப்பால், வெட்டி முடித்துக் கைவிட்ட சுண்ணாம்புக்கல் குழி அது. மழைத்தண்ணீர் நிரம்பிப் பச்சையாகக் கிடந்தது. அதைக் குத்தகைக்கு எடுத்த லாரி முதலாளி அரங்கநாதன் ஒரு பழைய எண்ணெய்த் தொட்டியில் வட்டக் கண்ணாடி பதித்து, இரண்டு இருக்கை போட்டு, மிதக்காமலிருக்க அடியில் தண்டவாளத் துண்டுகளைக் கட்டினார். தண்ணீருக்குள் குழியின் சுவரெல்லாம் கல்லாகிப்போன சங்கும் சிப்பியும். ஒரு காலத்தில் இங்கே கடல் இருந்தது, அந்தக் கடலுக்குள் போய்வரலாம் என்று அவர் சொன்னதைக் கேட்டுத் திருச்சியிலிருந்து பணக்காரர்கள் காரில் வந்தார்கள். பெட்டியை இறக்கி ஏற்றும் விஞ்சு நல்லதம்பியின் பொறுப்பு. அவன் அரும்பாவூர்க்காரன். அம்மா போன பிறகு ஊருக்குப் போவதில்லை. ரப்பரைப் பற்றிய சந்தேகத்தை வாரம் முழுக்க மனதுக்குள்ளேயே வைத்திருந்தான். அறையில் சமைக்கும்போது ஒருதரம் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தான். சொன்னபோது அது சின்ன விஷயமாகப் பட்டது.

"மொதலாளி, ரப்பரு பிதுங்குதுங்க. மாத்திட்டு எறக்கலாமுங்க."

அரங்கநாதன் குனிந்து பார்த்தார். "எங்கடா?"

அழுத்தி வைத்த ரப்பர் அப்படியே உட்கார்ந்திருந்தது.

"நானே எத்தன தரம் எறங்கிருக்கேன், செத்தா போயிட்டேன்? உன்னயக் கலியாணத்துக்குக் கூப்புட்டாலும் எழவு வூட்டு மூஞ்சியோடதான் வருவ."

"அண்ணனுக்கு இன்னும் கலியாணமே ஆவலீங்களே மொதலாளி" என்றான் குழாய் வழியே பெட்டிக்குள் காற்று அனுப்பும் மிஷினைப் பார்த்துக்கொள்ளும் கண்ணையன்.

அன்றைக்கு வந்தவர்கள் நகைக்கடைக்காரர் வேணுகோபாலும் அவர் மனைவி புஷ்பவல்லியும். பெட்டிக்குள் உட்கார்ந்ததும் அந்த அம்மாள் நல்லதம்பியைப் பார்த்து, "பயம் ஒண்ணும் இல்லீங்களே?" என்றாள். அரங்கநாதன் பக்கத்தில் நின்றார்.

"இல்லீங்க" என்றான்.

கதவை மூடி வெளியிலிருந்து நட்டுப் போட்டு இறுக்கினான். உள்ளேயிருந்து திறக்க வழி கிடையாது. பெட்டி இறங்கியது. தண்ணீர் கண்ணாடிக்கு மேலே ஏறி மூடியது.

பாரம் தூக்குகிறவர்களுக்கு இரண்டு சொல் உண்டு. இறக்க 'ஆரியா', ஏற்ற 'ஆவிஸ்'. எந்த ஊர்ச் சொல்லோ, யாருக்கும் தெரியாது. சுண்ணாம்புக் குழிகளில் ஆவிஸ் என்பது 'ஆபீஸ்' என்றே புழங்கியது. பெட்டி பாதி ஆழம் போயிருக்கும். தகரக் கொட்டகையிலிருந்து கணக்குப்பிள்ளை கையை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தார். காற்று மிஷின் இரைச்சலில் 'ஆபீஸ்' என்ற ஒரே ஒரு சொல்தான் காதில் விழுந்தது. நல்லதம்பி உடனே விஞ்சைத் திருப்பினான். பெட்டி மேலே வந்துவிட்டது.

"ஆபீஸுக்குப் போன் வந்துருக்குன்னாருடா, முண்டம்" என்று அரங்கநாதன் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். தவறாகத்தான் கேட்டோமா, அப்படிக் கேட்கவேண்டும் என்று காத்திருந்தோமா என்று நல்லதம்பிக்கே விளங்கவில்லை. கதவைத் திறந்தான். உள்ளே ஒரு சொட்டு ஈரம் இல்லை.

புஷ்பவல்லி ஒரு காலை வெளியே வைத்தாள்.

"உக்காரு. பாதியில எந்திரிக்கவா இம்புட்டுத் தூரம் வந்தோம்?" என்றார் வேணுகோபால்.

நல்லதம்பி அவளைப் பார்த்துச் சொன்னான். "நீங்க கேட்டப்ப நான் பொய் சொல்லிட்டேங்க. அந்தக் கண்ணாடி ரப்பரு சரியில்லீங்க. எறங்காதீங்க."

வேணுகோபால் அரங்கநாதனைப் பார்த்தார்.

"சம்பளம் கூடக் கேட்டான் சார், குடுக்கல. அதான் இப்புடி" என்றார் அரங்கநாதன், வருத்தப்படுகிறவர் போல.

வேணுகோபாலின் முகம் தெளிந்தது. அப்படி ஒரு காரணத்துக்காகவே அவர் காத்திருந்த மாதிரி இருந்தது. "எங்க கடையிலயும் இருக்கான் ஒருத்தன்" என்றார். நல்லதம்பி சம்பளம் கேட்டதே இல்லை. அதைச் சொல்ல வாயெடுத்தான். ஆனால் அந்த அம்மாள் இப்போது அவனைப் பார்த்த பார்வையில் பயம் போய்விட்டிருந்தது. கொஞ்சம் இரக்கம் இருந்தது. காலை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"நீ தள்ளுடா" என்றார் அரங்கநாதன். நல்லதம்பி பெட்டியை விட்டு விலகினான். கண்ணையன் அவன் முகத்தைப் பார்க்காமல் வந்து விஞ்சில் உட்கார்ந்தான். வேறு யாரோ நட்டை இறுக்கினார்கள்.

பெட்டி மறைந்த இடத்தில் வளையங்கள் விரிந்து அடங்கின. அரங்கநாதன் போன் பேசப் போனார். கார் டிரைவர் வேப்பமர நிழலில் துண்டை விரித்துப் படுத்தார். நல்லதம்பியை யாரும் போகச் சொல்லவும் இல்லை, இருக்கச் சொல்லவும் இல்லை. காற்று மிஷினிலிருந்து கிளம்பிய கறுப்புக் குழாய் கரையில் வளைந்து, பாறை விளிம்பில் சரிந்து, தண்ணீருக்குள் போய்க்கொண்டிருந்தது. அவன் அதன் அருகே குந்தி, உள்ளங்கையை அதன்மேல் வைத்தான். வெயிலில் சுட்டது. உள்ளே காற்று விட்டு விட்டுத் துடித்துக்கொண்டு கீழே போவது கைக்குத் தெரிந்தது. அவன் கையை எடுக்கவில்லை.