மயக்கத்துக்குக் காட்டிய கண்ணாமூச்சி

ஹந்தானை மலைவீதி ஏற்றத்தில் இருமுறை மயங்கி விழுந்த தியாகராஜாவின் மார்பில், இதயத் துடிப்பைப் பதியும் பெட்டியைக் கட்டி, ஒரு நாள் வழக்கம்போல் நடமாடச் சொன்னார் டொக்டர். தியாகராஜாவோ வீட்டுக்கு வந்ததும் கட்டிலில் படுத்துவிட்டார்.

“என்னங்க இது?” என்றாள் மனைவி ஞானேஸ்வரி.

“நல்ல துடிப்பாப் பதியணும்ல.”

“மேலதிகாரி பார்க்க வந்தா மட்டும் மேசையத் துடைக்கிற கந்தோர்ப் புத்தி. டொக்டரை ஏமாத்திட்டு, மறுபடி எங்க விழப்போறீங்க? எந்திரிங்க.”

முணுமுணுத்தபடி அவளோடு ஏற்றத்தில் நடந்தார். பாதியில் கால் தள்ளாடியது.

“சுத்துதா?”

“சுத்துது, ஞானம்.”

“நல்லது. இப்பவாவது உண்மையைச் சொன்னீங்களே” என்றவள், அவரைச் சட்டென்று தாங்கி, வீதியோரக் கல்லில் உட்காரவைத்தாள். அவர் தலை சாய்ந்த தோளை அவள் அசைக்கவேயில்லை.