இரண்டாயிரமும் ஒரு பெட்டி பீரும்

எங்கள் பக்கத்து ஆட்கள் யாரும் தங்கள் பொருளைப் பற்றி நல்ல வார்த்தை சொல்ல மாட்டார்கள். புது வண்டி வாங்கியவனிடம் வண்டி எப்படி என்று கேட்டால், "ஏதோ ஓடுது" என்பான். மற்றவர்களுக்கு இது அடக்கமாகத் தெரியலாம். பட்டறைக் கருவிகளுக்குக் காப்பீட்டு மதிப்பு போட்டுக் கொடுக்கும் எனக்கு இது தலைவலி. இருபத்தாறு வருஷமாக இதுதான் என் பிழைப்பு. விலையை ஏற்றிச் சொல்லும் திருடனை ஐந்து நிமிஷத்தில் பிடித்துவிடுவேன். இறக்கிச் சொல்லும் யோக்கியனிடம்தான் மாரடிக்க வேண்டும்.

க்ளெம் ட்ரெகென்ஸா அப்படி ஒரு யோக்கியன். அடிலெய்டுக்கு வடமேற்கே, தீபகற்பத்தில் உள்ள கடீனாவில் கோதுமை விவசாயிகளின் அறுவடை இயந்திரங்களைப் பழுது பார்க்கும் பட்டறை அவனுடையது. வரும் ஜூலையில் அதை மகள் மெரினிடம் ஒப்படைப்பதாக ஏற்பாடு. அவள் பதினொரு வருஷமாக அங்கேயே வேலை செய்கிறவள். என்னைக் கூப்பிட்டதும் அவள்தான்.

"கோரல், பாலிசியை எடுத்துப் பாத்தேன். மொத்தப் பட்டறைக்கும் தொண்ணூறாயிரம்னு போட்டு வெச்சிருக்கார். நான் சொன்னா காதுல வாங்க மாட்டேங்கிறார். நீங்க கொஞ்சம் வாங்களேன்" என்றாள் போனில்.

தொண்ணூறாயிரம் டாலர் என்பது பெரிய தொகை மாதிரிதான் இருக்கும். ஆனால் அங்கே உள்ளதை எல்லாம் புதிதாக வாங்கி வைக்க ஒன்பது லட்சம் ஆகும். பத்தில் ஒரு பங்குக்குக் காப்பீடு செய்தவனுக்கு எந்த நஷ்டத்திலும் பத்தில் ஒரு பங்குதான் கிடைக்கும். ஒரே ஒரு லேத் எரிந்தாலும் அதே கணக்குதான். பாலிசியின் பின்பக்கத்தில் இது அச்சடித்தே இருக்கிறது, யாரும் படிப்பதில்லை. போன கோடையில் பக்கத்து ஊரில் ஒரு பட்டறை எரிந்தது. அதன் முதலாளி இப்போது சூப்பர் மார்க்கெட் அலமாரிகளில் சாமான் அடுக்குகிறான்.

செவ்வாய்க்கிழமை காலை போனேன். க்ளெம் டீயும், இறைச்சி அடைத்துச் சுட்ட சூடான பாஸ்டியும் கொடுத்தான். பிறகு ஒவ்வொரு இயந்திரமாகக் காட்டி வைதுகொண்டே வந்தான்.

"இந்த லேத்தா? பழைய இரும்பு. அந்த மில்லிங் மெஷினா? கடல்ல தூக்கிப் போட்டா மீன்கூட எட்டிப் பாக்காது."

எண்ணெய் துடைத்து, கண்ணாடி போல வைத்திருந்தான் அத்தனையையும்.

கடைசியில் பெரிய போரிங் மெஷினிடம் வந்தோம். யானைக்குப் பக்கத்தில் நிறுத்தினால் யானை சற்றுக் கூச்சப்படும். பெரிய இரும்பு வார்ப்புகளில் தேய்ந்துபோன துளையைத் திரும்பக் குடைந்து எடுப்பதற்கு இந்தத் தீபகற்பத்திலேயே அது ஒன்றுதான் இருக்கிறது. ஒரு சுரங்கக் கம்பெனி மூடியபோது ஏலத்தில் எடுத்தது. "ரெண்டாயிரமும், ஏலக்காரனுக்கு ஒரு பெட்டி பீரும்" என்று க்ளெம் இருபது வருஷமாகச் சொல்லிச் சிரிக்கும் கதை ஊரில் எல்லோருக்கும் மனப்பாடம்.

"இதுக்கு ரெண்டாயிரம்னு போடு" என்றான்.

"பீரை விட்டுட்டியே."

"அதையும் சேத்துக்கோ."

"க்ளெம், நீ என்ன குடுத்து வாங்கினேன்னு நான் கேக்கல. நாளைக்கு இது எரிஞ்சா, இன்னொண்ணு வாங்கி இதே இடத்துல நிறுத்த எவ்வளவு ஆகும்? அதைத்தான் எழுதணும்."

"ரெண்டாயிரத்துக்கு வாங்கின சாமானுக்கு லட்சக்கணக்குல வாங்கினா எனக்கு என்ன பேரு தெரியுமா? திருடன்."

"வாங்கலன்னா உன் மகளுக்கு என்ன பேரு தெரியுமா? வேலை இல்லாதவ."

அவன் அசையவில்லை. ஒரு மணி நேரம் பேசிப் பார்த்தேன், சுவரோடு பேசியிருக்கலாம். எனக்குக் கோபம் வந்துவிட்டது. கோபத்தில் நான் செய்தவை எதுவும் உருப்பட்டதில்லை, இதுவும் அப்படித்தான் ஆரம்பித்தது.

"சரிய்யா, பழைய இரும்புதானே? போர்ட் பிரீயில ஒருத்தன் இந்த மாதிரி தேடிட்டிருக்கான். அறுபதாயிரம் தருவான். குடுத்துடு" என்றேன்.

அப்படி யாரும் கிடையாது. பதறிப்போய், 'ஐயோ, இதைக் கொடுத்துவிட்டு இன்னொன்றுக்கு எங்கே போவேன்' என்பான், அந்த வார்த்தையை வைத்தே அவனை மடக்கலாம் என்று நினைத்தேன். க்ளெம் மெஷினைப் பார்த்தான். கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு நீட்டினான்.

"முடிஞ்சுது. பேச்சு மாற மாட்டேன்."

நீட்டிய கையை என்ன செய்வது? குலுக்கிவிட்டேன். எங்கள் ஊரில் கை குலுக்கினால் விற்றது விற்றதுதான், காகிதமெல்லாம் பிறகு வரும். கையெழுத்தை மறுத்தவர்கள் இங்கே உண்டு. கை கொடுத்ததை மறுத்தவன் எவனும் ஊரில் நிலைத்ததில்லை.

திரும்பிப் பார்த்தால் மெரின் நின்றுகொண்டிருந்தாள், கையில் பாதி கடித்த பாஸ்டி.

"லாரி எப்ப வருது?" என்றாள்.

"உனக்காகத்தான் கண்ணு" என்றான் க்ளெம். "அறுபதாயிரம் கையில இருந்தா அடிலெய்டுல போய் வேற ஏதாவது பண்ணலாம். இந்தக் குப்பையைக் கட்டிட்டு அழணும்னு உனக்கு என்ன தலையெழுத்தா?"

"நான் அழறேன்னு உங்க கிட்ட யார் சொன்னா? அறுவடை சமயத்துல அத்தனை பேரும் என் வாசல்ல வந்து நிக்கிறது இந்த மெஷினுக்காக. இது இல்லன்னா நான் வெல்டிங் பத்த வைக்கிற ஒரு பொண்ணு, அவ்வளவுதான்." அவள் குரல் உயரவில்லை. "நீங்க இதைக் குப்பைன்னு சொல்றீங்க, ஊரே சிரிக்குது. இதுல நான் செய்யுற வேலையும் குப்பைன்னுதான்பா என் காதுல விழும்."

க்ளெம்முக்கு முகம் வெளுத்துவிட்டது. எனக்குப் பாவமாக இருந்தது, அதைவிட வெட்கமாக இருந்தது.

"போர்ட் பிரீயில யாரும் இல்ல க்ளெம். சும்மா சொன்னேன்" என்றேன்.

அவன் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கப்போவதில்லை. "கை குடுத்து பொய் சொன்னியா?"

"ஆமா."

அவன் எனக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டான். பிறகு மகளிடம், "புதுசு என்ன விலை?" என்று மட்டும் கேட்டான்.

"நாலு லட்சத்து முப்பதாயிரம். கொண்டு வந்து நிறுத்திக் குடுக்குறதோட சேத்து. போன மாசமே கேட்டு வாங்கி வெச்சேன்."

"அதையே எழுது" என்றான் என்னிடம், முகத்தைப் பார்க்காமல்.

எழுதினேன். மற்ற இயந்திரங்களுக்கும் அவளே விலை சொன்னாள், ஒன்றுகூடத் தப்பில்லை. கடைசித் தாளில் உரிமையாளர் கையெழுத்துக்கு ஓர் இடம் உண்டு. அதை க்ளெம்மிடம் நீட்டினேன். அவன் வாங்கவில்லை.

"என் கிட்ட ஏன் குடுக்கிறே? பெரிய மெஷினை நான் வித்தாச்சு. வாங்க ஆள் இல்லைங்கிறது உன் பாடு. குடுத்த கையை நான் திருப்பி வாங்க மாட்டேன்."

"அப்ப அது யாரோடதுப்பா?" என்றாள் மெரின்.

"உன்னோடது. அதே அறுபதாயிரத்துக்கு நீதான் வாங்கினே. அது போனா மிச்சப் பட்டறையை வெச்சு நான் என்ன பண்ண? அதுவும் உன்னோடதுதான். ஜூலை வரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும்?"

"அறுபதாயிரத்துக்கு எங்க போவேன் நான்?"

"பதினொரு வருஷமா, மகதானேன்னு சம்பளத்துல கொறைச்சுக் குடுத்தேன். கணக்குப் பாத்தா அதுக்கு மேலயே வரும்" என்றான் க்ளெம். "கையெழுத்துப் போடு கண்ணு. எழுத்து நல்லா தெரியுற மாதிரி போடு."